ஏட்டையா முதலில் முங்கினார்

கர்த்தருக்கு முன்னால் முந்தினவன் பிந்தினவன் கிடையாது என்று மூன்று மாதமாகத் தொண்டை வறளக் கத்திய மனுஷன், ஞானஸ்நானத்தன்று காலையில் முதல் வேலையாக ஆட்களை வரிசையில் நிறுத்த ஆரம்பித்தார். அதைப் பார்த்ததுமே சண்முகத்தாய்க்கு வயிற்றெரிச்சலாக வந்தது.

மனுஷன் பெயர் ஞானதுரை. பாஸ்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு ஜெபக்கூடம் நடத்தி வந்தார். அதற்கு முன்னால் ஏதோ பஞ்சுக் கிட்டங்கியில் எடை போடுகிறவராக இருந்தாராம். நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் போதும், உடனே ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் சண்முகத்தாய்க்குக் கை துறுதுறுக்கும்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வன்னியம்பட்டிக் காலனிக்காரி. புருஷன் வீரணன் போய்ச் சேர்ந்தபின், காட்டு வேலையை உதறிவிட்டு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு மில்லில் கூட்டிப் பெருக்கப் போனாள். மேஸ்திரி, சூப்பர்வைசர், யாராக இருந்தாலும் ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சாகத் திருப்பிக் கொடுப்பாள். கூட வேலை பார்த்த வேலுத்தாய் கையைப் பிடித்து இழுத்ததால்தான் முதல் தடவை ஜெபக்கூடத்துக்கே போனாள். அங்கே பாடின பாட்டும் ஏறவில்லை, பிரசங்கமும் ஏறவில்லை. கூட்டம் முடிந்து தண்ணீர் கேட்டாள். பாஸ்டர் சம்சாரம் ஒரு தம்ளர் மோந்து கொடுத்தாள். சண்முகத்தாய் வாய் வைத்துப் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்ததும், அந்தம்மா அதே தம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கழுவவில்லை, துடைக்கவில்லை, அப்படி ஒரு காரியம் நடந்ததையே கவனிக்கவில்லை.

அந்தத் தம்ளர் சண்முகத்தாயை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அப்புறம் ஞாயிறு தவறாமல் போனாள். இந்த ஒரு இடமாவது நிசமாக இருக்கட்டும் என்பதுதான் அவளுடைய ஜெபம். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே கொட்டகைக்குள் ஐயாதுரை நுழைந்தார். வன்னியம்பட்டியில் கிணறும் தோப்புமாக எட்டு ஏக்கர் வைத்திருந்தவர். போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டையரானவர். காக்கியைக் கழற்றியபின் கடைத்தெருவில் எவனும் எழுந்து நிற்கவில்லை. நெஞ்சுவலி வேறு வந்தது. பாஸ்டர் வீடு தேடிப்போய் ஜெபித்தார், வலி நின்றது, ஏட்டையா விசுவாசி ஆகிவிட்டார். எல்லாரும் பாயில் உட்காருகிற ஜெபக்கூடத்தில் அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி வந்தது. முட்டிவலி என்று பாஸ்டர் சொன்னார். வயசானவர், வலிக்கும்தான் என்று சண்முகத்தாய் அதை விட்டுவிட்டாள். ஜெபக்கூடம் கட்ட ஐந்து சென்ட் எழுதித் தருவதாக ஏட்டையா சொன்ன பிறகு, நாற்காலிக்கு மெத்தை வந்தது. மெத்தையையும் விட்டுவிட்டாள். ஒருநாள் வாசலில், எல்லாரும் சொல்கிற மாதிரி, "ஸ்தோத்திரம் பிரதர்" என்று சொல்லிப் பார்த்தாள். மனுஷன் மூஞ்சி வேப்பெண்ணெய் குடித்த மாதிரிப் போனது. பதிலுக்கு வாயைத் திறக்காமல் செருப்பைத் தேடினார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வழக்கமாக அய்யனார் கோவில் ஆற்றில்தான் பாஸ்டர் ஞானஸ்நானம் கொடுப்பார். எண்பத்தேழில் அங்கே வெறும் பாறை கிடந்தது. பத்துப் பேர் காத்திருந்தார்கள், முக்கி எழுப்பத் தண்ணீர் இல்லை. "என் பம்புசெட் தொட்டி இருக்குல்லா பாஸ்டர் ஐயா, மாரளவு தண்ணி நிக்கும்" என்றார் ஏட்டையா. பாஸ்டர் கண்ணில் நீர் தளும்பியது.

வேலுத்தாய் காதோரம் வந்து, "ஏட்டி, நெசமாவா? அந்தத் தொட்டியிலயா நம்மளை எறக்கப் போறாவ?" என்று கேட்டாள். சண்முகத்தாய் பதினைந்து வருஷம் அந்தத் தோட்டத்தில் களை பறித்தவள். எவ்வளவு தாகமெடுத்தாலும் தொட்டிக்குக் கீழே வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைத்தான் கையால் அள்ளிக் குடிக்க வேண்டும். தொட்டிச் சுவரில் கை வைத்ததுகூட இல்லை. அவளாலும் நம்ப முடியவில்லை. இருந்தாலும் வெள்ளைச் சேலை ஒன்று எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மும்முனைக் கரண்ட் வந்தது, ஏட்டையாவின் ஆள் சமுத்திரம் மோட்டாரைப் போட்டான், தொட்டி நிரம்பியது. பாஸ்டர் வரிசை போட்டார். முதலில் ஏட்டையா. மீதி ஒன்பது பேரும் காலனி ஆட்கள். அவர்கள் தென்னை மரத்தடியில் நிற்க வேண்டும்.

"பெரியவரு, செத்த நேரம்கூட நிக்க முடியாது, முட்டிவலி" என்று பாஸ்டர் சொல்லிச் சிரித்தார்.

'முட்டிக்குத்தான் எம்புட்டு மரியாதை' என்று சண்முகத்தாய் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். யார் முதலில் போனால் என்ன, ஒரே தண்ணீர்தானே. அதையும் விட்டுவிட்டாள்.

ஏட்டையா புது வேட்டி, புது பனியனோடு இறங்கினார். ஒரு பக்கம் பாஸ்டர், மறுபக்கம் சமுத்திரம். கனத்த உடம்பு, இரண்டு பேரும் தாங்கிப் பின்னால் சாய்த்து முக்கி எடுத்தார்கள். ஏட்டையா மூச்சுவாங்கிக்கொண்டு எழுந்தார். தென்னை மரத்தடியில் கைதட்டிப் பாடினார்கள். பாவம், மனசாரத்தான் பாடினார்கள்.

அடுத்தது சண்முகத்தாய். மாற்றுச் சேலையை வைக்க மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஏட்டையா துவட்டிக்கொண்டே சமுத்திரத்திடம் பேசுவது கேட்டது.

"இந்தக் கூட்டம் போன பொறவு தொட்டியத் தொறந்து விட்டுரு. சொட்டுத் தண்ணி நிக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்டு, தேங்காநாரு வச்சு நல்லா உரசிக் கழுவு. பொறவுதான் மாடு கன்னுக்குத் தண்ணி காட்டணும், என்ன?"

"சரிங்க ஏட்டையா" என்றான் சமுத்திரம்.

சண்முகத்தாய் சேலைப் பையைக் கீழே வைக்கவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டே தொட்டிப் பக்கம் வந்தாள். மார்பளவு தண்ணீரில் நின்றபடி பாஸ்டர் கையை நீட்டினார்.

"வாங்க சிஸ்டர்."

"தண்ணிய மாத்துங்க பாஸ்டர்."

"என்னம்மா?"

"ஏட்டையா அறுவது வருசப் பாவத்தை இதுலதான கழுவிட்டு எந்திரிச்சாரு? சைக்கிளை விட்டு எறங்கலன்னு எங்க வீட்டுக்காரரை நடுரோட்டுல அறைஞ்ச அறை, காலனிக்குள்ள வந்து பிடிச்சிட்டுப் போன கோழி, அம்புட்டும் இதுக்குள்ளதான கெடக்கு? அதுல நான் முங்கி, அவரு அழுக்கையும் சேத்துச் சொமந்துட்டுப் போகணுமா? மடையத் தொறந்து விடுங்க. புதுத் தண்ணி ரொம்பட்டும், பொறவு எறங்குதேன்."

வேலுத்தாய் அவள் இடுப்பில் கிள்ளினாள். "ஏட்டி, வாய மூடுட்டி. நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல!"

பாஸ்டர் சிரித்தார். "அப்படி இல்லம்மா. இது குளிக்கிறது இல்ல, அடக்கம் பண்ணுறது. தண்ணிக்குள்ள போறவ செத்துப் போறா. பழைய ஆளை அங்கேயே பொதைச்சாச்சு. மேல வாரவ புது ஆளு. பாவம் ஒண்ணும் அழுக்கு மாதிரி தண்ணியில மிதக்காது. தண்ணி தண்ணிதான். அதுல எதுவும் ஒட்டாது."

"எதுவும் ஒட்டாதா?"

"ஒட்டாதும்மா."

"ஏட்டையா பாவம்கூட ஒட்டாது?"

"ஒட்டவே ஒட்டாது."

"அப்ப என் ஒடம்பு மட்டும் எப்படி ஒட்டும்? நாங்க போன பொறவு பிளீச்சிங் பவுடர் போட்டு உரசிக் கழுவச் சொல்லுதாரு. அந்தா நிக்கானே சமுத்திரம், அவன்கிட்டயே கேளுங்க."

சமுத்திரம் தரையைப் பார்த்தான். கைதட்டினவர்கள் கையைத் தொங்கப் போட்டார்கள். பாஸ்டர் ஏட்டையாவைப் பார்த்தார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை. பொய்யாகச் சொன்னால்கூடப் போதும் போலிருந்தது.

ஏட்டையா அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "என் தொட்டி, நான் கழுவுதேன். எறங்க விட்டதே பெருசு" என்றார்.

பாஸ்டர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் சண்முகத்தாயால் தாங்க முடியவில்லை. ஏட்டையா அப்படித்தான், அவரிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை. இந்த ஆளைத்தான் நம்பினாள். ஐந்து சென்டுக்குப் பல்லைக் காட்டுகிறானே! சீ, என்ன பிழைப்பு இது! தம்ளர் தண்ணீரைக் குடித்த அந்தம்மாவுக்கு இப்படி ஒரு புருஷனா! இத்தனை நாள் இவன் பேச்சைக் கேட்டு வெள்ளைச் சேலை எடுத்த தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. காறித் துப்பத் தோன்றியது. துப்பாமல் வரப்புப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"ஐயாதுரை பிரதர்."

பாஸ்டரின் குரல்தான். சண்முகத்தாய் நின்றாள்.

"தண்ணியில எறங்குங்க பிரதர். சிஸ்டரை முக்கணும். ஒரு பக்கம் நான் பிடிக்கேன், இன்னொரு பக்கம் நீங்க பிடிங்க."

"என்னது?"

"நீங்க இப்பத்தான் புது ஆளா எந்திரிச்சிருக்கீங்க. வந்து பிடிங்க."

"ஏலே ஞானதுரை!" என்றார் ஏட்டையா. அரை மணி நேரத்துக்கு முன்னால் பாஸ்டர் ஐயா என்று கூப்பிட்ட வாய். "யாரைப் போயி யாரைத் தொடச் சொல்லுதே? கொட்டாய்ல கெடந்தவனுக்கு எடம் எழுதித் தாரேன்னு சொன்னேம்பாரு, என்னைச் சொல்லணும். கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வெளிய போலே!"

"எடம் வேண்டாம்யா. எழுதாதீங்க" என்றார் பாஸ்டர். பயத்தில் பல் தந்தியடித்தது. ஆனால் சிரிக்கவில்லை. "ஞானஸ்நானம் எடுக்கல நீங்க. சும்மா நனைஞ்சிருக்கீங்க, அம்புட்டுதான்."

ஏட்டையாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "சமுத்திரம்! மோட்டாரை நிறுத்துலே! மடையத் தொறந்து விடு! எவ முங்குதான்னு பாக்குதேன்!"

சமுத்திரம் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான். தொட்டி அடியில் அடைத்திருந்த கட்டையை உருவினான். தண்ணீர் வாய்க்காலில் குபுகுபுவென்று பாய்ந்தது. பாஸ்டர் அப்படியே தொட்டிக்குள் நின்றார். மார்பில் நின்ற தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கியது. ஒன்பது பேரும் திகைத்துப்போய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சண்முகத்தாய் யோசிக்கவில்லை. பையை வேலுத்தாய் கையில் திணித்தாள், கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள், தொட்டிச் சுவரில் கையை ஊன்றித் தாண்டிக் குதித்தாள். ஏட்டையா வரப்பிலிருந்து, "ஏட்டி! எறங்காதே! ஏட்டி!" என்று கத்தியது தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"முக்குங்க பாஸ்டர். வடியுது."

பாஸ்டர் ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கி, மறுகையால் அவள் கைகளைச் சேர்த்துப் பிடித்தார். மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பேரையும் ஒரே மூச்சில் அழைத்துவிட்டு அவளைச் சாய்த்தார். கண்ணுக்கு மேல் தண்ணீர் மூடியது. சத்தமெல்லாம் அடங்கியது. சண்முகத்தாய்க்குப் பயமாக இல்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக உடம்பில் பாரமே இல்லாத மாதிரி இருந்தது. இப்படியே கிடந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

பாஸ்டர் தூக்கி நிறுத்தினார். அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், வெட்கப்படவும் இல்லை. முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். எதிரே வரப்பில் ஏட்டையா ஈர பனியனோடு, தொந்தி குலுங்க, யாரிடம் கத்துகிறோம் என்று தெரியாமல் ஆகாயத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். பார்த்த மாத்திரத்தில் சண்முகத்தாயின் நாக்கு நுனிக்கு நாலு வார்த்தை வந்து நின்றது. நாலும் ஜெபக்கூடத்தில் சொல்ல முடியாத வார்த்தை.

"பாஸ்டர், இன்னொரு வாட்டி முக்குங்க."

"ஏம்மா?"

"செத்தவ எந்திரிச்சு வந்துட்டா. இவரு மூஞ்சியப் பாத்ததும் வந்துட்டா."

பாஸ்டர் அவளைப் பார்த்தார். "ஒரு வாட்டிதாம்மா. ரெண்டாவது வாட்டி கெடையாது."

சண்முகத்தாய் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். வரப்பைப் பார்த்தாள், பாஸ்டரைப் பார்த்தாள்.

"அப்பச் சரி, அவளும் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "இவரு இருக்க ஊருல அவ இல்லாம எனக்கு ஆகாது."

பிறகு தொட்டியின் அந்தப் பக்கம் போய், மறுபக்கம் பிடிக்கத் தோதாகக் காலை அகட்டி நின்றுகொண்டாள்.

"ஏட்டி வேலுத்தாய், என்னட்டி வாயப் பாத்துக்கிட்டு நிக்கே? எறங்கு சீக்கிரம். இன்னும் எட்டுப் பேரு கெடக்கு."