மேகத்தில் ஜெக்கரியா பாய்

மன்னார்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் பலர் உண்டு. கலைஞன் என்றால் நெடுமாறன் ஒருவன்தான். இதை வேறு யாரும் சொல்லாததால் அவனே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. தாலி கட்டும்போது மற்றவர்கள் தாலியை எடுப்பார்கள். இவன் வாழையிலையில் ஊரும் எறும்பை எடுத்துக்கொண்டிருப்பான்.

எல்லாம் தஞ்சாவூரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்த பிறகு பிடித்த கிறுக்கு. சென்னையிலிருந்து வந்த ஜிப்பாக்காரர் ஒருவர், "தினமும் ஒரு ஓவியம் பாருங்க, இசை கேளுங்க, சினிமா பாருங்க, உடம்பை அசைச்சுக் கொஞ்சம் ஆடுங்க. கற்பனை தானா ஊறும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மற்றவர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். நெடுமாறன் மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தான். காலையில் ஸ்டுடியோ ஷட்டரைத் தூக்கியதும் கைகளை விரித்து ஆடுவான். "பையன் நல்லாத்தான் இருந்தான்" என்று எதிர் டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கூத்தாநல்லூர் ரசியா பேகம், மகள் தஹ்மீனாவின் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட்டாள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன் ஜெக்கரியா சவுதியில், தம்மாமில் இருந்தார். மகள் கல்யாணத்துக்கும் முதலாளி லீவு கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டிக்குள் இருந்தது.

"கேசட்டைப் பாத்துத்தான் தம்பி அவங்க மக கல்யாணத்தைப் பாக்கணும். தானும் கூடவே இருந்த மாதிரி அவங்களுக்குத் தெரியணும். அது போதும்" என்றாள்.

"இருந்த மாதிரி என்னக்கா, இருக்கவே வச்சிடறேன். பாய் போட்டோ ஒண்ணு கொடுங்க."

கல்யாணத்தன்று பெண்கள் பக்கம் அவன் போக முடியாது. அங்கே கேமராவைப் பிடித்தவள் ரசியா பேகத்தின் தங்கை ஃபஹ்மிதா. கேசட்டில் ஆடாமல் முகம் தெரிந்த பகுதி அது ஒன்றுதான்.

பிறகு படத்தையும் இசையையும் சேர்க்கும் மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தான். கற்பனை ஊறத் தொடங்கியது. ஓவியத்துக்கு அவன் தூரம் போகவில்லை. டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் ஒரு பெரியவர் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுப் புறா பறக்கவிட்டிருந்தார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கலைஞன் வடிவத்தைப் பார்ப்பானே தவிர எழுத்தையா படிப்பான்? இசைக்கு, தலைவர் ஒருவர் இறந்த நாளில் ரேடியோவில் ஓயாமல் ஒலித்த வீணையைப் பதிந்து வைத்திருந்தான். மேகம் சினிமா தந்தது. அசைவை, அறுத்த வயலில் மேயப் போகும் வாத்துக் கூட்டத்திடம் கற்றான். ஆக, நிக்காஹ் நடக்கும்போது வானம் திறந்தது. மேகத்துக்கு நடுவில் ஒளிவட்டத்தோடு ஜெக்கரியா தோன்றி, வாத்தைப் போல் அசைந்து, மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போய் மறைந்தார். நெடுமாறனுக்கே அழுகை வந்துவிட்டது.

பயணம் போகிற ஆள் அவசரப்பட்டதால் வீட்டில் யாரும் கேசட்டைப் போட்டுப் பார்க்கவில்லை. துபாய் போகிற சித்தீக் கையில் கொடுத்தார்கள். அவன் அங்கிருந்து தம்மாம் போகிற ஒருவரிடம் சேர்க்க வேண்டும். ஆனால் ஊரிலிருந்து கேசட் வந்தால் அது யாருக்கு வந்தது என்று யார் பார்க்கிறார்கள்? துபாய் அறையில் ஊர்க்காரர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். மேகம் வந்தது, வீணையும் வந்தது.

"இன்னாலில்லாஹி" என்று சாவுச் சேதிக்குச் சொல்வதைச் சொன்னார் அங்கே மூத்தவரான அப்துல் ஹமீது. "ஜெக்கரியா மவுத்தாயிட்டாரா? யாருமே சொல்லலியே?"

சித்தீக் திகைத்தான். கேசட்டைக் கொடுக்கும்போது ரசியா பேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்று அவனும் நினைத்தான்.

மறுநாள் கூத்தாநல்லூருக்கு துபாயிலிருந்து துக்கம் விசாரிக்கும் போன் வந்தது. அங்கே இருப்பவர்களுக்குத்தான் முதலில் சேதி தெரிந்திருக்கிறது என்று நினைத்து ரசியா பேகம் அப்படியே சரிந்தாள். புதுப்பெண் அலறினாள், தெரு கூடிவிட்டது. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துத் திருப்பாமல் கிடந்த நாற்காலிகளை வாசலில் போட்டார்கள். "கேசட் இன்னும் வந்து சேரலியே" என்று தம்மாமிலிருந்து ஜெக்கரியாவே போன் பண்ணிய பிறகுதான் ரசியா பேகம் எழுந்து உட்கார்ந்தாள்.

எழுந்தவள், கேசட்டில் என்ன பார்த்தார்கள் என்று துபாய்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேரே மன்னார்குடிக்கு வந்தாள்.

"உசிரோட இருக்கிற மனுசனை மேகத்துல ஏத்தி விட்டுட்டியே, இது அடுக்குமா? பாவம், அவங்க இதைப் பாத்தா மனசு என்னா ஆவும்?"

"அது கற்பனைக்கா" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். முதல் தடவையாக அவனுக்கு வெட்கமாக இருந்தது. கேசட் அதற்குள் துபாயைத் தாண்டிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவுக்குப் போன் வந்தது. ஜெக்கரியா பேசுகிறேன் என்ற குரலைக் கேட்டதுமே நெடுமாறன் முந்திக்கொண்டான்.

"பாய், மன்னிச்சிடுங்க. வேற காப்பி போட்டு அனுப்பறேன். அந்த மேகம், வீணை எல்லாத்தையும் எடுத்துடறேன்."



"எடுக்காதீங்க தம்பி. முழுசாப் பாத்தேன். நிக்காஹுல என் எடத்துல என் தம்பி உக்காந்திருக்கான். பந்தியில என் மச்சான் நின்னு கவனிக்கிறான். எல்லாம் குறையில்லாம நடந்திருக்கு. நான் அந்த மேகத்துல மட்டும்தான் இருக்கேன். அதையும் எடுத்துட்டா, என் மக கல்யாணத்துல நான் எங்கயுமே இல்ல."

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கிய நெடுமாறன் ஆடவில்லை. பையனுக்கு உடம்புக்கு என்னவோ என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.