மூன்றாவது ஜோடி

முப்பது வருடமாக மீன்பிடிச் சாமான் கடையில் வேலை பார்க்கிறேன். நவம்பர் பிறந்துவிட்டால், நெஞ்சளவு ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: உள்ளே என்ன போடுவது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் தடித்த கம்பளி. பருத்தி ஆகவே ஆகாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு ஆளை விறைக்க வைத்துவிடும். ஜீன்ஸோடு வருகிறவனை வாசலிலேயே நிறுத்தித் திட்டுவேன். காலுக்கு மெல்லிய சாக்ஸ் ஒரு ஜோடி, தடித்தது ஒரு ஜோடி, அதோடு சரி. மூன்றாவது போட்டால் பூட்ஸ் இறுகும், ரத்தம் ஓடாது, கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். டெட்ராய்ட்டிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் மூன்று ஜோடி எடுத்து வைப்பார்கள். ஒன்றைப் பிடுங்கித் திரும்பக் கடைக் கொக்கியிலேயே மாட்டிவிடுவேன்.

இவ்வளவு தெரிந்தவள்தான் என் புருஷன் ஆர்வோவின் காலைக் கெடுத்தேன்.

ஆர்வோவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை வியாதி. பாதம் இரண்டும் மரத்துப் போய்விட்டன. போன வருடம் இடது காலில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் அரை நாள் நடந்தான். அதில் இரண்டு விரல் போயிற்று. அந்தக் காலில் இன்னொரு புண் வந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றைக் காலோடு எங்கள் ஆற்றில் நிற்க முடியாது. அடியெல்லாம் பாசி படிந்த உருண்டைக் கற்கள். இரும்புச் சுரங்கத்தை மூடிய பிறகு அவனுக்கு மிஞ்சியது அந்த ஆறு ஒன்றுதான். பிள்ளை குட்டி இல்லை. நான் இருக்கிறேன், ஆனால் ஆற்றுக்கு அடுத்த இடம்தான் எனக்கு. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஆற்றோரம் பனிக்கட்டி பிடித்திருந்தது. பெரிய ஏரியிலிருந்து ஸ்டீல்ஹெட் மீன்கள் ஆற்றில் ஏறுகின்றன என்று யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். போகக் கூடாது என்று ஒரு மணி நேரம் கத்தினேன். அவன் காபியைக் குடித்து முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டே மணி நேரம், இர்யா. அதுவும் கூடாதுன்னா என்னைத் தூக்கி சன்னல் ஓரமா வச்சிடு. தினம் கொஞ்சம் தண்ணி ஊத்து."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றேன் என்று அர்த்தம். அடுப்பருகே நாற்காலியைப் போட்டு அவனை உட்கார வைத்து, ஒவ்வொன்றாக நானே மாட்டிவிட்டேன். கல்யாணத்தன்றைக்குக்கூடத் தன்னை யாரும் இப்படி ஜோடிக்கவில்லை என்று கிண்டல் செய்தான். மெல்லிய சாக்ஸை ஒரு சுருக்கம் இல்லாமல் நீவி இழுத்துவிட்டேன். அதன் மேல் தடித்ததைப் போட்டேன். அப்போது இடது பாதம் என் கையில் இருந்தது. இவ்வளவு சூடான சமையலறையில், இரண்டு சாக்ஸுக்குள்ளே, அது ஜில்லென்று இருந்தது.

பயந்துவிட்டேன். கை தானாகப் போயிற்று என்றெல்லாம் கதை விடமாட்டேன். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, இன்னொரு கம்பளி ஜோடியைத் தேடி எடுத்து வந்தேன்.

"ஊருக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டமா?" என்றான்.

"அவங்களுக்குக் கால் குளிர்ந்தா தெரியும், கரை ஏறிடுவாங்க. உனக்குத் தெரியாது. பேசாம நீட்டு."

கால்சட்டையோடு ஒட்டிய பூட்ஸ் அது. கால் உள்ளே போக மறுத்தது. முட்டி போட்டு இரண்டு கையாலும் தள்ளி நுழைத்தேன். கடையில் எல்லோரிடமும் கேட்பது போல, விரல் அசைகிறதா என்று கேட்டேன். அசைகிறது என்றான். கால் மரத்துப்போன மனுஷனிடம் அதைக் கேட்டு, அவன் சொன்னதையும் நம்பினேன். வேறு யாராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் வலி தாங்காமல் என்னைத் திட்டிக்கொண்டே கழற்றி எறிந்திருப்பான். ஆர்வோ நாலு மணி நேரம் தண்ணீரில் நின்றான்.

கை நீளத்துக்கு ஒரு மீனோடு வந்தான். கன்னமெல்லாம் சிவந்து, பத்து வயது குறைந்தவன் போல இருந்தான். கால் கொஞ்சம்கூடக் குளிரவில்லை, நீ செய்ததுதான் சரி என்று என்னைப் பாராட்டினான். நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன், மடச்சி.

சனிக்கிழமை என்பதால், நாங்கள் வாராவாரம் ஆவிக்குளியல் எடுக்கிற சாவ்னா அறையில் விறகு போட்டுச் சூடேற்றி வைத்திருந்தேன். அதன் வெளி அறையில் உட்கார்ந்துதான் சாக்ஸைக் கழற்றினான். இடது காலில் கம்பளியின் பின்னல் அப்படியே தோலில் பதிந்திருந்தது. மிஞ்சியிருந்த மூன்று விரலும் மெழுகாக வெளுத்திருந்தன. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். "என்ன, கிள்ளுறியா?" என்று கேட்டான், கண்ணால் பார்த்துவிட்டு. சாவ்னாவுக்குள் நுழையவிடாமல் ஆளை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினேன்.

ஒரு வாரத்தில் விரல்கள் கறுத்தன. கறுப்பு நிற்கவில்லை, பாதத்தில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், நாளைக்கே, என்றார் புதிதாக வந்த இளம் டாக்டர். கையெழுத்து வாங்கியபின், ஏதோ தாளில் குறிப்பதற்காக, அன்று எத்தனை சாக்ஸ் போட்டிருந்தீர்கள் என்று கேட்டார். நான்தான் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆர்வோ முந்திக்கொண்டான்.

"மூணு. இவ ரெண்டுதான் போட்டுவிட்டா. வழியில வண்டிய நிறுத்தி நானே இன்னொண்ணு மாட்டிக்கிட்டேன். இவ பேச்ச நான் என்னைக்குக் கேட்டேன்?"

டாக்டர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். இந்த மாதிரி ஆம்பளையோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறீர்களோ என்கிற மாதிரி. அதையும் வாங்கிக்கொண்டு நின்றேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இதைவிடக் கேவலமான காரியம் என் ஆயுசில் நான் செய்ததில்லை.

அவர் போனதும், எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். சண்டை பிடிக்கிற குரலில்தான் கேட்டேன், வேறு குரல் வரவில்லை. ஆர்வோ போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினான்.

"நீ மறுபடியும் கடைக்குப் போகணும். எத்தனை சாக்ஸ் போடணும்னு நாலு பேர் வந்து உன்கிட்ட கேப்பாங்க, நீ பதில் சொல்லணும். எனக்கென்ன, நான் எங்கயும் போகப் போறதில்லையே."