வெட்டினவன் வெட்டினேன் என்கிறான்

வாள் கழுத்தெலும்பில் சிக்கிக்கொண்டது. தளபதி செத்தவனின் மார்பில் காலை ஊன்றி அதை உருவினான். மகள் அதோடு நிறுத்திவிட்டு அடுத்த பத்திக்குத் தாவினாள்.

"நடுவுல எதையோ முழுங்கிட்ட," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"நல்லாயில்லம்மா அது."

"நல்லாயிருக்கான்னு நான் கேட்டனா? படி."

மகள் விட்டுப்போன இரண்டு வரிகளையும் படித்தாள்.

அம்மா முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஒருநாள் அழுக்குப் படுக்கைவிரிப்புகளோடு சுருண்டு வந்தது இந்தத் தொள்ளாயிரம் பக்க நாவல். எந்த நோயாளி விட்டுப்போனதோ, தேடி யாரும் வரவில்லை. ராஜ்ஜியங்கள், பனிமலைகள், பக்கத்துக்குப் பக்கம் கொலை. பார்வை மங்கிப் படுக்கையில் விழுந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. ஒரு மாதமாக மகள்தான் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து மீதியைப் படித்துக் காட்டுகிறாள். நாளைக்கு மேல் தாங்காது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டதால் இன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்திருந்தாள்.

பகலெல்லாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் யார்மேலும் கை ஓங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் இங்கே உட்கார்ந்து ஊரோடு கொளுத்துவதைப் படிக்க வேண்டியிருந்தது. முதல் வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன வாரம் பஸ்ஸில் அதே புத்தகத்தைப் பிரித்து, அம்மா கேட்காத பக்கங்களுக்குள் தானாகப் போய், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டாள். அடுத்து யார் சாவான் என்று தெரிந்துகொள்ளும் அவசரம். திரும்பி நடந்தபோது கூச்சமாக இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

"இத்தனை பேரைக் கொன்னுட்டு ஒருத்தனும் துணி துவைக்கறதில்ல பாரு," என்றாள் அம்மா. "எழுதினவன் ஒரு நாள் எங்ககூட வேலை செஞ்சிருக்கணும்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கூடத்தில் அப்பா செய்தித்தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு மாதமாகக் கதவுக்கு அந்தப் பக்கம் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

அடுத்த பக்கத்தில் தளபதி ஒரு கைதியின் கையைக் கல்மேல் வைத்து மிதித்தான். 'காய்ந்த குச்சி முறிவதுபோல்' எலும்பு முறிந்தது.

"குச்சி மாதிரியெல்லாம் கேக்காது," என்றாள் அம்மா. "இவன் கேட்டதில்ல."

மகளின் குரல் நின்றது. அவளும் கேட்டிருக்கிறாள். ஒன்பது வயது அப்போது, சமையலறை வாசலில். அப்பா அம்மாவின் இடது கையை மேடை விளிம்பில் வைத்து அழுத்தினார். சத்தமே பெரிதாக இல்லை. ஈரத்துணியைப் பிழிகிறபோது உள்ளே ஏதோ நெரிவதுபோல. அதற்குப் பிறகுதான் அம்மா கத்தினாள். படியில் விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னவர் அப்பா. அம்மாவும் தலையாட்டினாள்.

"இதை ஏம்மா உனக்குப் பிடிக்குது?" மகள் குரலைத் தாழ்த்தினாள். "பட்டதெல்லாம் போதாதா?"

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"பிடிக்குதுன்னு யாரு சொன்னா? சில நாள் மூடி வெச்சுட்டு வாந்தி எடுத்திருக்கேன். ஆனா இதுல ஒண்ணு இருக்கு. வெட்டினவன் வெட்டினேங்கறான். தெரியாம கை பட்டுடுச்சுன்னு எவனும் சொல்றதில்ல."

கூடத்தில் செய்தித்தாள் சத்தம் நின்றிருந்தது.

"படி."

மகள் படித்தாள். கோட்டை எரிந்தது. மதிலிலிருந்து கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். கீழே இருந்தவர்களின் முகத்தோல் கழன்று விழுந்தது. ஒரு தாயையும் அவள் கைக்குழந்தையையும் பற்றிய இடம் வந்தபோது அவளால் முடியவில்லை. ஒரு வரியை விட்டாள். அடுத்ததையும் விட்டாள். பிறகு முழுப் பத்தியையும் விட்டுவிட்டு ராணி வெளியேறும் இடத்துக்குப் போனாள்.

யாரும் அதட்டவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்வை ஏறி இறங்கவில்லை.

"அப்பா," என்று கூப்பிட்டாள்.

அவர் வாசலில் வந்து நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு டாக்டருக்கு போன் செய்யப் போனார்.

வந்த டாக்டரம்மா தெருவுக்குப் புதியவர், அம்மாவை முன்பு பார்த்ததில்லை. நாடி பார்த்து, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, கைகளை எடுத்து மார்பின்மேல் வைத்தார். இடது கை நேராகப் படியவில்லை. முழங்கைக்குக் கீழே வளைந்திருந்தது.

"பழைய முறிவா?"

"படியில விழுந்துட்டா," என்றார் அப்பா. டாக்டருக்குக் கொடுக்கக் கொண்டுவந்த தண்ணீர் டம்ளர் அவர் கையில் இருந்தது. "ரொம்ப வருஷம் ஆச்சு."

"விழல," என்றாள் மகள்.

டாக்டர் திரும்பினார்.

"இவர் உடைச்சார். நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

தன் குரல் நடுங்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்பாவின் எலும்பும் அப்படி நெரிவதைக் கேட்க வேண்டும்போல் ஒரு கணம் இருந்தது. அந்த ஆசை தன்னுடையதுதான் என்றும் தெரிந்தது. அப்பா மறுப்பார் என்று காத்திருந்தாள். அவர் டம்ளரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

டாக்டரின் பேனா இறப்புச் சான்றிதழுக்கு மேலே நின்றது. "இதுல அதுக்கு இடமில்லம்மா," என்றார் மெதுவாக. நேரத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு, அம்மாவின் நெற்றியை ஒருமுறை தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அப்பா டம்ளரோடு அறை நடுவில் நின்றார். மேசையில் மருந்துச் சீசாக்கள் நிறைந்திருந்தன. கட்டிலோரம் மகள் உட்கார்ந்திருந்தாள். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல், தண்ணீர் சிந்தாதபடி, அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.