பாயில் விட்ட இடம்

என் நாத்தனார் காலிதாவுக்குப் படம் பிடிக்கத் தெரியும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவளுடைய முதல் சுருளைப் பார்த்தவள் நான்.

என் மாப்பிள்ளைக்கு, காலிதா ‘காக்கா’ என்று கூப்பிடும் அவள் அண்ணனுக்கு, கொழும்பில் ஜவுளிக் கடை வேலை. மகள் ஜுனைதா என் வயிற்றில் இருக்கும்போது தனுஷ்கோடியில் கப்பல் ஏறியவர். பிறகு விசா அது இது என்று கெடுபிடி வந்துவிட்டது. பிள்ளைக்கு நாலு வயது ஆகப்போகிறது, இன்னும் அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பிள்ளைக்குக் காட்ட எங்களிடமும் ஒரு படம் இல்லை. எங்கள் பாம்பனிலிருந்து போனவர்களில் சிலர் அங்கேயே இன்னொரு நிக்காஹ் செய்து வேர்விட்டுவிட்டார்கள். என் பயமெல்லாம் அதுதான். வெளியே சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் நெஞ்சடைப்பு.

அந்த நேரத்தில்தான், கொழும்பிலிருந்து ஊருக்கு வந்த எங்கள் சொந்தக்காரர் அகமது கபீர் மாமா கையில் அவர் ஒரு பெட்டிக் கேமராவும் இரண்டு சுருளும் கொடுத்துவிட்டார். உன்னையும் பிள்ளையையும் படம் பிடித்து அனுப்பு என்று சேதி. ஸ்டூடியோக்காரர் முன்னால் போய் உட்காருவது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வழக்கமில்லை. அதனால் கேமரா காலிதா கைக்குப் போனது. அந்தப் படம் அவரை ஊருக்கு இழுத்து வரவேண்டும். எனக்கு வேறு கயிறு இல்லை.

முதல் சுருளை கபீர் மாமா ராமநாதபுரம் ஸ்டூடியோவில் கொடுத்துப் படமாக வாங்கி வந்தார். யா அல்லாஹ்! ஒன்றில் எனக்குத் தலையே இல்லை. ஒன்றில் என் உச்சந்தலையிலிருந்து தென்னைமரம் முளைத்திருந்தது. இன்னொன்றில் ஜுனைதா எள்ளளவு, சுற்றிலும் மணல். எல்லாவற்றிலும் கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"கடல் சரிஞ்சு கெடந்தா நான் என்ன மதினி செய்ய?" என்றாள்.

"ஆடத் தெரியாதவ முற்றம் கோணல்னாளாம். கடலு எங்கயாச்சும் சரியுமாடி?"

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள், அந்தப் படங்களைச் சுவரோரம் பரப்பி வைத்துக்கொண்டு நாளெல்லாம் பார்த்தாள். பிறகு சுருள் போடாத வெறும் கேமராவோடு கரையில் திரிந்தாள். பெட்டியை வயிற்றோடு அணைத்து, மூச்சை அடக்கி, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் கடலின் கோடு பெட்டியின் விளிம்போடு ஒட்டிப்போகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி நின்றாலே தென்னை தலையை விட்டுப் போய்விடும் என்று அவளே கண்டுபிடித்தாள். கிட்டப் போனால்தான் கண் தெரியும் என்பதையும்தான்.

ஒருநாள் என்னையும் அந்தக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னாள். உள்ளே நகத்தளவு கடல், வெளியே இருப்பதைவிட அமைதியாக, பாலாடை போல. அதில் எல்லாமே இடம் வலம் மாறித் தெரியும். தலைமன்னார்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பாய்மரம் கண்ணாடிக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. போகிறவர்களெல்லாம் வருகிற ஊர் ஒன்று அதற்குள் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டேன். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசம் வந்துதான் எனக்கு நினைவு திரும்பியது.

கடைசிச் சுருளைப் போட்ட அன்று, விடிந்து வெயில் இன்னும் சுடாத நேரம். வீட்டுக்குப் பின்னால் மணலில் பாய் விரித்தோம். காற்றே இல்லை. தூரத்தில் பாம்பன் பாலம் தண்ணீரில் மிதப்பது போலிருந்தது.

"ஸ்டூடியோக்காரரு என் மூஞ்சியப் பாப்பாரேடி?"

"அவுக மொதல்ல பாக்குறது நெகடிவ், மதினி. அதுல நீங்க கருகருன்னு பேயாட்டம் இருப்பீக. அவுகதான் பயப்படணும்."

நான் பிள்ளையோடு உட்கார்ந்தேன். "நடுவுல வாங்க" என்றாள். நகர்ந்தேன். "இன்னும் ஓரமாத்தான் இருக்கீக."

"நடுவுலதாண்டி இருக்கேன்! ஒன் கண்ணாடிதான் கோணல்."

எங்கள் வீட்டில் சஹனில்தான் சாப்பாடு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து உண்போம். அவர் போன நாளிலிருந்து என் வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டே உட்காருவேன். "அது ஒங்க வாப்பா எடம், அங்கன யாரும் உக்காரக்கூடாது" என்றுதான் ஜுனைதாவை வளர்த்தேன். உடம்புக்கு அது பழகிப்போயிற்று. நானறியாமல் பாயிலும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜுனைதா அந்த வெறும் பாயில் உள்ளங்கையை வைத்து, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலிதா சட்டென்று பேச்சை நிறுத்தினாள். "அப்படியே இருங்க மதினி" என்றாள், தொழுகையில் இருப்பவளைப் போல மெதுவாக. ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

படம் வந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. நானும் பிள்ளையும் ஒரு ஓரத்தில். மீதிப் பாதி வெறும் பாய், மணல், கடல்.

"பாதிப் படம் சும்மா கெடக்கேடி, பாவி!"

"சும்மா இல்ல மதினி. புள்ள பாக்குற பக்கம் எடம் விடணும். அத அடைச்சா படத்துக்குள்ள மூச்சு முட்டும்." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "காக்காவுக்குத் தெரியும், அது யாரு எடம்னு."

அந்தச் சுருளில் பிள்ளை அசையாமல் இருந்தது அந்த ஒரு படத்தில்தான், வேறு சுருளும் இல்லை. திட்டிக்கொண்டேதான் அனுப்பினேன். அன்று இரவு முழுக்க அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நோன்புக்கு முந்திய மாதம், ஒரு காலையில், வாசலில் துணிப்பெட்டியோடு அவர் வந்து நின்றார். இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. காலிதா அழுதுகொண்டே சஹனை எடுத்து வைத்தாள், நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கைகழுவிவிட்டு என் வலப்பக்கம் வந்தார்.

அப்போதுதான் தூங்கி எழுந்து வந்த ஜுனைதா ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"அங்கன உக்காராதீங்க! அது எங்க வாப்பா எடம்!"

நான் வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தார். முனையெல்லாம் மடங்கி அழுக்கேறியிருந்தது. பிள்ளைக்கு நேராகக் குந்தி, படத்திலிருந்த வெறும் பாயைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த எடம்தானே?"

"ஆமா."

"ஒங்க வாப்பா வர்ற வரைக்கும் நான் உக்காந்துக்கிறட்டுமா?"

ஜுனைதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாப்பா வந்தா எந்திரிச்சிரணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். சோற்றில் கை வைக்க அவரால் முடியவில்லை.