ருக்குமணியின் கடைவாய்ப் பல்

மூன்றாவது தடவையாக என் மகள் ருக்குமணியை இழுத்துக்கொண்டு சூலியா தெருவில் போய்க்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல் சொத்தை. கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடிவிட்டது. இரண்டு நாளாகக் காய்ச்சல். இனியும் தள்ளிப் போட்டால் சீழ் தலைக்கு ஏறிவிடும் என்று சீனப் பல் வைத்தியர் சொல்லியிருந்தார். போன வாரம் அவரிடம் மரத்துப்போகிற ஊசி கடைசியாக ஒன்றே ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் வந்த இரண்டு வருஷமாக அந்த மருந்து கப்பலில் வருவதே இல்லை. பதின்மூன்று வயதுக் கழுதை, குறடைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவிட்டாள். ஊசி வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

"வேணாம்ப்பா... நாளைக்குப் போலாம்ப்பா."

"இன்னும் எத்தன நாளைக்குடி? வாயத் தொறக்க உனக்கென்ன கேடு? சொன்ன பேச்ச ஒரு தடவையாவது கேளு லா!"

தெருமுனையில் ஜப்பான் சிப்பாய் நின்றான். அவன் முன்னால் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விட்டால் ஓடிவிடுவாளே என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே குனிந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அறை விழுந்தது. இன்னொன்று. மூக்குக்கண்ணாடி சாக்கடையோரம் போய் விழுந்தது. கையை விட்டுவிட்டு ஒழுங்காகக் குனிந்தேன். அவன் போகச் சொல்லும்வரை நிமிரவில்லை. இந்நேரம் ஓடியிருப்பாள், இனி எங்கே போய்த் தேடுவது என்பதுதான் அப்போதும் என் எரிச்சல்.

அவள் ஓடவில்லை. பக்கத்திலேயே கைகளை ஒட்டிக் குனிந்து நின்றாள், என்னைவிட ஒழுங்காக.

நான் கண்ணாடியைப் பொறுக்கி மாட்டியதும் அவளே முன்னால் நடந்தாள். படியேறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊசி மருந்து இல்லை என்று வைத்தியர் என்னிடம் கையை விரித்தார். யாரும் சொல்லாமலே அவள் வாயைத் திறந்தாள். குறடு உள்ளே போயிற்று. நாற்காலிப் பிடியில் அவள் விரல்கள் வெளுத்தன. சத்தமே இல்லை.

"அழுடி," என்றேன். "நல்லாக் கத்துடி. இங்க யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க லா."

கத்தவில்லை. மூன்று வாரமாக நான் கேட்ட கீழ்ப்படிதல் இதுதான். எனக்கு அங்கேயே எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

பல் கிண்ணத்தில் விழுந்தது. வைத்தியர் குழியில் பஞ்சை வைத்துவிட்டு, வாயை மூடு என்று அவளுக்கும் தெரிந்த மலாயில் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். அவள் மூடவில்லை. ரத்தம் மோவாயில் வழிய, வாயைத் திறந்தபடியே, நான் சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.