கண் மூடாத படங்கள்

எபினேசருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் குவாலிட்டி வேலை. வெளியே போகும் ஒவ்வொரு கம்பிக் கட்டும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். மயிரிழை கோணல் இருந்தாலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிடுவார். அது அப்படியே ஸ்க்ராப்புக்குப் போய்விடும். இந்த வேலையை ஆலையோடு விட்டுவிட்டுப் பொன்னேரி வீட்டுக்கு ரயில் ஏறியிருந்தால் யாருக்கும் வம்பில்லை. மனிதர் அதைக் கேமராவுக்குள்ளும் கொண்டுவந்து வைத்தார்.

சபையில் கல்யாணம், ஞானஸ்நானம், அறுப்பின் பண்டிகை, எல்லாவற்றுக்கும் அவர்தான் படம். எடுத்த கையோடு திரையில் பெரிதாக்கிப் பார்ப்பார். லேசாக ஆடியிருந்தாலோ, கண் மூடியிருந்தாலோ, ஓரத்தில் யாருடைய முழங்கையாவது நீட்டிக்கொண்டிருந்தாலோ அங்கேயே அழித்துவிடுவார். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்க்கலாமே என்றால், குப்பையை ஏன் சுமந்துகொண்டு வர வேண்டும் என்பார்.

அவர் மனைவி ஹெலனுக்குச் சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், தலை பின்னால் போகும், தோள் குலுங்கும். அவர் பார்வையில் ஒரே ஆளிடம் மூன்று குறை. அதனால் கேமரா வாங்கிய புதிதிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார். உதட்டை மூடு, தாடையை இறக்கு, மூச்சைப் பிடி. அவளும் மறுபேச்சுப் பேசாமல் அப்படியே நிற்கக் கற்றுக்கொண்டாள்.

ஒரே ஒருமுறை தவறியது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்தவற்றை ஏலம் விட்டபோது ஹெலன் ஒரு சேவலை எடுத்தாள். அது அவள் கையை உதறிக்கொண்டு பாய்ந்து, பாஸ்டரின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சபையே சிரித்தது. ஹெலன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எபினேசரின் விரல் தன்னால் அழுத்திவிட்டது. பக்கத்தில் நின்ற சபைப் பையன் மோசஸ் எட்டிப் பார்த்து, “அண்ணே, சூப்பரா கீதுண்ணே. எனக்கு அனுப்பு” என்றான்.

“மூஞ்சே ஷேக் ஆயிருக்குது. இத இன்னாத்துக்கு அனுப்பறது?” என்று அவன் கண்ணெதிரிலேயே அழித்தார் எபினேசர்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மழைக்காலத்தில், ஒரு நாள் காலையில் ஹெலன் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் உதட்டோரமாக வழிந்தது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. முகவாதம் என்றார்கள். மாத்திரை, பயிற்சி என்று அலைந்து பெரும்பாலும் சரியாகிவிட்டது. பேசினால் ஒன்றும் தெரியாது. சிரித்தால் மட்டும் வாய் இடப்பக்கம் கோணும். அதிலிருந்து, சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அவளே கேட்டாள். “ஏங்க, நான் முன்னெல்லாம் சிரிப்பேனே, அந்த மாரி போட்டோ ஒண்ணு தேடி எடுத்துக் குடுங்களேன்.”

“இப்ப இன்னாத்துக்கு?”

“நான் எப்டி சிரிப்பேன்னு எனக்கே தெரியாதுங்க. கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு எவ சிரிக்கிறா? ஒருவாட்டி பாத்துக்கிறேன்.”

அதற்கென்ன என்று பெருமையாகத்தான் கம்ப்யூட்டரைத் திறந்தார். வருஷவாரியாக அடுக்கிய பதினோராயிரம் படங்கள். கல்லூரியில் படிக்கும் மகள் சோனியாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஹெலன் எல்லா வருஷத்திலும் இருந்தாள். புடவை மடிப்பு கத்தி மாதிரி இருந்தது, தலையில் வைத்த மல்லியை ஒவ்வொன்றாக எண்ணலாம். உதடு மட்டும் மூடியே இருந்தது. சமைத்து வைத்த சோறு ஆறிப்போனது.

“அந்தச் சேவல் படம்?” என்றாள் ஹெலன்.

எபினேசர் மௌஸிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷம் கையில் கேமராவோடு பக்கத்திலேயே இருந்து, பெண்டாட்டியின் சிரிப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்திருக்கிறார். இனி அவர் தலைகீழாக நின்றாலும் அந்தச் சிரிப்பு கிடைக்காது. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அப்பாவின் முகத்தைப் பார்த்த சோனியா எழுந்துபோய்ச் சாப்பாட்டுத் தட்டுகளை அம்மா கையில் கொடுத்தாள். பிறகு குழம்புக் கரண்டியைக் கேமரா மாதிரி கண்ணில் வைத்துக்கொண்டு, அப்பா குரலில், “தாடைய இறக்குமே. மூச்ச புடி. பல்லு தெரிஞ்சா ரிஜெக்டு” என்றாள்.

ஹெலனின் இரண்டு கையிலும் தட்டு. முந்தானையைத் தேட வழியில்லை. சிரித்துவிட்டாள். கண் மூடியது, தலை பின்னால் போனது, வாய் கோணியது. காலையில் கோயிலிலிருந்து கொண்டுவந்த கேமரா மேசை மேலேயே கிடந்தது. எபினேசர் அதை எடுத்து, எதையும் சரிபார்க்காமல் அழுத்தினார்.

படம் ஆடியிருந்தது. பாதிப் படத்தைக் கரண்டி மறைத்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் சுவரையே தின்றுவிட்டது. இதைவிட நல்ல படம் அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“பாரு ஹெலனு. நீ சிரிக்கிறது.”

அவள் தட்டுகளை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவர் பார்க்கிற மாதிரியே பெரிதாக்கி, வலமும் இடமும் நகர்த்திப் பார்த்தாள். “கண்ணு மூடிக்கினுது. ஆடிக்கீது. வாய் வேற கோணிக்கினு கீது” என்றாள். குரலில் கோபமே இல்லை.

“இருந்துட்டுப் போவட்டுமே. எனக்குப் புடிச்சிருக்குது.”

“குப்பைய இன்னாத்துக்கு வச்சுக்கினு?”

அழிக்கும் பொத்தான் எது என்று அவள் தேடவில்லை. அவர் தடுப்பதற்குள் இரண்டு முறை அழுத்திவிட்டாள்.

“ஒழுங்கா நிக்கிறேன், வேற எடுங்க” என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். சுவரோரமாகப் போய் முந்தானையைச் சரிசெய்தாள், உதட்டை மூடினாள், தாடையை இறக்கினாள். அப்படி நிற்காதே என்று சொல்ல எபினேசருக்கு வாய் வரை வந்தது. யார் சொல்லிக்கொடுத்து அப்படி நிற்கிறாள் என்று நினைத்ததும் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் எடுத்தார். படம் துல்லியமாக வந்தது.