தொத்தாத நோய்

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் கம்பெனி வேன் வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு ஆட்கள் பின்கதவைத் திறந்து மளமளவென்று விறகை இறக்கினார்கள். யாரும் கேட்காத விறகு. அதன் பின்னால் ஒரு டின் நெய், ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. முன்சீட்டிலிருந்து இறங்கிய வெல்ஃபேர் ஆபீசர் ராஜேஷ்குமார் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகூப்பியபடி உள்ளே வந்தார்.

தமிழ்செல்வி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ரத்தினவேலுக்குக் காலை ஆறரை மணிக்கு மூச்சு நின்றது. வயது ஐம்பத்தாறு. ஒன்பது வருஷமாக அவர் படுத்துத் தூங்கியதில்லை. சுவரில் தலையணையை முட்டுக் கொடுத்து, உட்கார்ந்த வாக்கிலேயே கண்ணை மூடிக் கிடப்பார். இன்றைக்குத்தான் மல்லாந்து படுத்திருக்கிறார். பெஞ்சில் தூக்கிக் கிடத்தியபோது பள்ளிக்கூடப் பிள்ளையின் கனம்கூட இல்லை.

"போன மாசம்கூட விசாரிச்சேம்மா. எவ்ளோ தங்கமான மனுஷன்," என்றார் ராஜேஷ்குமார், அம்மா வீரலட்சுமியிடம். "நீங்க எதுக்கும் அலைய வேணாம். சுடுகாட்டுல சொல்லியாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துடலாம்."

வீரலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அவளுக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை. தமிழ்செல்வியோ அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொண்ணூற்றேழில் அவர் இதே அறையில்தான் உட்கார்ந்து காபி குடித்தார். அப்பா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் கல்நார் சாக்கு பிரிக்கிற செக்ஷனில் வேலை பார்த்து, மாடிப்படி ஏற முடியாமல் விடுப்பில் இருந்த நேரம். "டிபின்னு எழுதிக் குடுத்தா லீவு ஜாஸ்தி கெடைக்கும், பாதிச் சம்பளமும் வரும். வேற எதாச்சும்னா ஆள ரெண்டு மாசத்துல வெளிய அனுப்பிடுவாங்க," என்று சொல்லி, அவரே வரிவரியாக வாசகமும் சொன்னார். பத்தாவது படித்துக்கொண்டிருந்த தமிழ்செல்வி முத்து முத்தாக எழுதினாள். 'எனக்குக் காசநோய் என்பதை அறிவேன்.' அப்பா கையெழுத்துப் போட்டார். கம்பெனி டாக்டர் சீல் குத்தினார். ஆபத்பாந்தவன் என்று வீடே அவரைக் கொண்டாடியது.

இரண்டு வருஷம் முன்பு நஷ்டஈடு கேஸ் போட்டபோது கம்பெனி வக்கீல் அந்தக் காகிதத்தைத்தான் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி நீட்டினார். தொழிலாளியே தனக்குக் காசநோய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே, கல்நார் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழ்செல்வி தன் கையெழுத்தை அங்கிருந்தே அடையாளம் கண்டாள். அப்பா திரும்பி அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

காலை எட்டு மணிக்கே கமலக்கண்ணன் வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். அப்பாவோடு சேர்ந்து சாக்கு பிரித்தவர். அவருக்கும் இப்போது ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று இடத்தில் மூச்சு வாங்க வேண்டும்.

"தமிழு, எரிச்சிட்டா கேஸு அதோட முடிஞ்சிது. நுரையீரல எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அதுல கல்நாரு இருந்தா... ஒரு பயலும் டிபின்னு சொல்ல முடியாது. வக்கீலம்மா போன்ல அதயேதான் சொன்னாங்க. போலீஸ்ல லெட்டர் வாங்கி, நாலு மணிக்குள்ள கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி போயிரணும்."

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க சித்தப்பா."

"நம்ம செக்ஷன்ல ஏழு பேரு போயிட்டாங்க. ஏழு பேருக்கும் டிபி. ஏழு வூட்டுக்கும்... கம்பெனி வெறகு வந்துச்சு. அப்ப எங்களுக்குப் புரியல. இங்கயும் வரும், பாரு."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லைதான். "அறுக்கவா?" என்று ஒரே கத்தாகக் கத்தினாள். "உசுரோட இருந்தப்ப ஒரு மூச்சு முழுசா விடல அந்த மனுசன். போறப்பவாச்சும் முழுசாப் போகட்டும். அறுத்தாகன்னா வீட்டுக்குக் கொண்டாற முடியுமா? பொட்டலமாக் கட்டிக் குடுப்பாக. எண்ண வச்சு, சீயக்கா வச்சு, எங்கையால குளிப்பாட்டாம நான் அனுப்ப மாட்டேன்." சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்து இருபத்தேழு வருஷம் ஆகியும் கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சுதான் வரும். அவளுடைய அண்ணன்மார்தான் இப்போது குடம் தூக்கிக்கொண்டு போர் குழாய்க்குப் போயிருந்தார்கள்.

ராஜேஷ்குமாரின் செல்போன் அடித்தது. நடையில் நின்று கன்னடத்தில் பேசினார். "இவத்தே முகிஸ்தீனி சார். பெங்கி இட்ட மேலே பர்த்தீனி."

சாத்தூர்க்காரர்களுக்குக் கன்னடம் எங்கே புரியப்போகிறது என்ற தைரியம். தமிழ்செல்வி ஆறு வருஷமாக வாட்ச் பட்டறையில் கன்னடப் பெண்களோடு ஒரே மேஜையில் வேலை செய்கிறாள். இன்றைக்கே முடித்துவிடுகிறேன், நெருப்பு வைத்த பிறகுதான் வருவேன் என்கிறார். துக்கத்துக்கு வந்த ஆளின் பேச்சா இது? அவள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"யாருக்கு சார் அவ்ளோ அவசரம்?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "என்னம்மா?"

"எங்கப்பாவ எரிக்கறதுக்கு யாரு சார் நேரம் குறிச்சிக் குடுத்தது?"

"நீ சின்னப் பொண்ணு. துக்கத்துல பேசற," என்று அவர் சிரிக்கப் பார்த்தார். அதற்குள் தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டது. மாமன்மார் ஈர வேட்டியோடு நீர்க்குடங்களைத் தோளில் சுமந்து வந்து வாசலில் வைத்தார்கள். வீரலட்சுமி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

ராஜேஷ்குமார் இரண்டு எட்டில் வந்து குறுக்கே நின்றார். "குளிப்பாட்டறதெல்லாம் வேணாம்மா. டிபி பாடி. யாரும் கை வெக்கக் கூடாது, தொத்திக்கும். நம்ம ஆளுங்க கிளவுஸ் போட்டுத் துணி சுத்திடுவாங்க. அப்படியே எடுத்துடலாம்."

வீரலட்சுமி கிண்ணத்தோடு நின்றாள். அழுகை அப்படியே நின்றுபோனது. முகத்தில் ஏதோ கணக்குப் போடுகிறவளின் பார்வை வந்தது.

"என்ன சார் சொன்னீக?"

"தொத்து நோய்ம்மா. ஒங்க நல்லதுக்குத்தான்..."

"ஒம்போது வருசமா அவரு சாப்ட்ட தட்டுலதான் நான் சாப்பிடுறேன். அவரு குடிச்சு மிச்சம் வச்ச காப்பிய நான் குடிச்சேன். ஒரே பாயில படுத்தேன். அவரு எச்சில இந்தக் கையாலதான் தொடச்சேன். எனக்கு ஏன் தொத்தல?"

அவர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார்.

"எம் மகளுக்கு ஏன் தொத்தல? அடுத்த வீட்டுல இருக்கற சரசம்மாவுக்கு ஏன் தொத்தல? இவரோட சேத்து, சாக்கு பிரிச்ச எட்டு ஆம்பளைக்கு மட்டும் பாத்துப் பாத்து ஒட்டுச்சோ ஒங்க டிபி? சொல்லுங்க சார். படிச்சவுகதானே!"

விறகு இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் கையில் கட்டையோடு நின்றுவிட்டார்கள். ஒன்பது வருஷமாக யாருக்கும், வக்கீலுக்குக்கூடத் தோன்றாத கேள்வி. அம்மாவுக்கே இப்போதுதான் தோன்றியிருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தைத் தடுத்திருக்காவிட்டால் கடைசிவரை தோன்றியிருக்காது.

வீரலட்சுமி அவரை ஒதுக்கிவிட்டுப் போய் வெறுங்கையால் புருஷன் தலையில் எண்ணெய் வைத்தாள். சீயக்காய் தேய்த்தாள். அவசரமே படாமல், காது மடல், கழுத்து, விரலிடுக்கு என்று ஒவ்வோர் இடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். புது வேட்டி கட்டி விபூதி பூசிய பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"வண்டி பிடி, தமிழு. அறுக்கட்டும். உள்ள என்ன இருக்குன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

"கேஸ் நடக்கறப்ப இப்படிப் பண்ணா கம்பெனி செய்யற ஒதவியும் நின்னுடும்மா," என்றார் ராஜேஷ்குமார். குரலில் இப்போது கூப்பிய கை இல்லை.

"வெறக ஏத்திக்கிட்டுப் போங்க சார். செக்சன்ல இன்னும் ஆளு மிச்சம் இருக்காகல்ல, தேவைப்படும்."

வீட்டுச் சொந்தக்காரர் திம்மராயன் தன் டாடா ஏஸை எடுத்து வந்தார். தக்காளிக் கூடைகளை இறக்கிவிட்டுத் தார்ப்பாய் விரித்தார். வண்டி வாடகையைப் பற்றித் தமிழ்செல்வி பேச ஆரம்பித்ததும், "துட்டுப் பேச்சு வாணாம்மா, ஏறு," என்று அதட்டினார்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் புகாரைப் படித்துவிட்டு மேஜையில் போட்டார். "டிபி வந்து செத்தவருக்கு எதுக்கு போஸ்ட்மார்ட்டம்? போயி நல்லபடியா அடக்கம் பண்ணுங்க." புகாரில் டிபி என்ற வார்த்தையே இல்லை. இவர்கள் வந்து சேருவதற்கு முன்பே போன் வந்து சேர்ந்திருக்கிறது. கமலக்கண்ணன் பேசப் பார்த்தார், இருமல் விடவில்லை. தமிழ்செல்வி கெஞ்சினாள், பிறகு சட்டம் பேசினாள். அய்யா ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், வந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். மணி பன்னிரண்டே முக்கால்.

வெளியே வண்டி ஸ்டேஷன் கேட்டை மறித்து நின்றது. ஓரமாக எடுக்கச் சொல்லி ஒரு போலீஸ்காரர் தார்ப்பாயைத் தட்டினார். ரத்தினவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வீரலட்சுமி நகரவில்லை.

"லெட்டர் குடுங்க, எடுக்கறோம். குடுக்கலைன்னா நாளைக்கும் இங்கனதான் இருப்போம். எனக்கு வீட்டுல வேலை ஒண்ணும் இல்ல."

வெயில் ஏறியது. வருகிறவன் போகிறவன் எல்லாம் என்ன ஏது என்று விசாரிக்க ஆரம்பித்தான். வீரலட்சுமி ஒவ்வொருவனுக்கும் முதலிலிருந்து சொன்னாள். ஒன்றரை மணிக்கு, ரவுண்ட்ஸ் போயிருந்த அய்யா உள்ளறையிலிருந்தே வந்து கையெழுத்துப் போட்டார். துணைக்கு ஒரு கான்ஸ்டபிளையும் ஏற்றி அனுப்பினார்கள்.

குந்தாரப்பள்ளி தாண்டும்போது சந்தைக்கு வந்த மாட்டு லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. திம்மராயன் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டி வழி பண்ணினார். மார்ச்சுவரி வாசலில் இறங்கியபோது மணி மூன்றே கால். ஊழியர் ஒரு சீட்டை நீட்டினார்: அகல வாய் ஜாடி இரண்டு, வெள்ளைத்துணி ஆறு முழம், அரக்கு. ஜாடியும் நீங்கதான் வாங்கியாரணும் என்றார். தமிழ்செல்வி மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மளிகைக் கடையில் ஊறுகாய் ஜாடிகளைக் காலி பண்ணித் தரச் சொல்லி வாங்கினாள். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். அவள் தெருக்குழாயில் இரண்டையும் கழுவினாள். எத்தனை தடவை கழுவியும் எலுமிச்சை வாசம் போகவில்லை. பதினெட்டு வருஷம் உழைத்த மனுஷனின் நெஞ்சைப் போட்டு வைக்க ஒரு ஜாடிக்குக்கூட இந்த ஊரில் வக்கில்லையா என்று அங்கேயே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தையும் கழுவிக்கொண்டு ஓடினாள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். நரைத்த மீசை, களைத்த முகம். கையைத் துடைத்தபடி மேஜையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார்.

"லேப்லதான் முடிவா சொல்லுவாங்க," என்றார். "ஆனா நான் நெறைய டிபி பாத்திருக்கன். இது அது இல்ல. நெஞ்சுக்கூட்டுக்கு உள்பக்கமா வெள்ளையா, கெட்டியா படிஞ்சிருக்கு. கத்தி எறங்கல." பிறகு வீரலட்சுமியை நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேலைம்மா பாத்தாரு?"

தமிழ்செல்வி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் எத்தனை டாக்டர், எத்தனை எக்ஸ்ரே, எத்தனை மாத்திரை. பீடி குடிப்பாயா என்று எல்லோரும் கேட்டார்கள். இதை ஒருத்தரும் கேட்டதில்லை.

வீரலட்சுமி மேஜைக்குக் கிட்டத்தில் வந்தாள். "நிதானமாச் சொல்றேன் சார், எழுதிக்கங்க. ஷீட் கம்பெனி. கல்நார் மூட்டையக் கத்தியால கிழிச்சு மெசின்ல கொட்டணும். ஒரு ஷிஃப்ட்டுக்கு நூறு மூட்டை. மூக்குக்கு ஒண்ணும் குடுக்கல, கைக்குட்டைய கட்டிக்குவாரு. வீட்டுக்கு வாரப்ப தல, புருவம், சட்டை எல்லாம் மாவு மில்லுல இருந்து வார மாதிரி இருப்பாரு."

டாக்டரின் பேனா நிற்காமல் ஓடியது. "அந்தத் துணியோடயேவா வீட்டுக்கு வருவாரு?"

"ஆமா சார்."

"யாரு தொவைப்பாங்க?"

"நாந்தேன். தண்ணியில போடுறதுக்கு முன்னால வாசல்ல நின்னு நல்லா ஒதறிருவேன். அப்பதான் அழுக்குப் போகும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு எழுந்து, தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கமாகப் போட்டார்.

"உக்காருங்கம்மா," என்றார். "ஒங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்."